ஈகையை ஆராய யார் ஈவார்?
தொண்டுத் துறை பற்றிய முனைவர் பட்ட ஆய்வுகளும் அவற்றின் நிதியும்: சங்கரன்கோவிலை முன்வைத்து

1. கேள்வி

தமிழ்நாட்டின் பெரிய கல்விச் சாலைகள் பல அறக்கொடையில் பிறந்தவை. பச்சையப்ப முதலியாரின் அறக்கொடையிலிருந்து 1842-ல் ஒரு பள்ளி எழுந்து பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. அண்ணாமலைச் செட்டியாரின் கொடை 1929-ல் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தை உண்டாக்கியது. இப்படி ஈகையால் எழுந்த கல்வி உலகம், அந்த ஈகையையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது குறைவு. சங்கங்கள், அறக்கட்டளைகள், தொண்டு நிறுவனங்கள், சமூகப் பொதுநிதிகள் எல்லாம் சேர்ந்த இந்த இலாப நோக்கற்ற துறை எப்படி இயங்குகிறது, யாருக்குப் பதில் சொல்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று மூன்று நான்கு ஆண்டுகள் தங்கி ஆராய விரும்பும் முனைவர் பட்ட மாணவருக்கு யார் பணம் தருகிறார்கள்? அந்தப் பணம் எப்படிப்பட்ட ஆய்வை உண்டாக்குகிறது? இக்கட்டுரையின் கேள்வி இதுதான்.

இதைத் தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவிலை முன்வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசுத் திருவிழாவாலும் அறியப்பட்ட ஊர் இது. விசைத்தறியை நம்பிய உழைப்பாளர்கள் நிறைந்த நகராட்சி. பெருநகரத் தொண்டு நிறுவனத்தின் தலைமையகமோ ஆய்வு நிறுவனமோ இங்கு இல்லை. துறையின் பெரும்பகுதி இருப்பது இத்தகைய ஊர்களில்தான். ஆய்வுப் பணம் வந்து சேராததும் இத்தகைய ஊர்களுக்குத்தான்.

2. துறையைப் பற்றி நாம் அறிந்தது

இலாப நோக்கற்ற துறையை உலக அளவில் ஒப்பிட்டு அளக்கும் முயற்சியை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லெஸ்டர் சாலமன் 1990-களின் தொடக்கத்தில் தொடங்கினார். அவரும் ஹெல்முட் அன்ஹையரும் ஐந்து இயல்புகளை வகுத்தனர். அமைப்பு வடிவம் இருக்க வேண்டும். அரசுக்கு வெளியே இருக்க வேண்டும். இலாபத்தைப் பங்கிடக் கூடாது. தன்னைத் தானே ஆள வேண்டும். மக்களின் விருப்பப் பங்கேற்பு இருக்க வேண்டும். இத்திட்டத்தின் இந்தியப் பகுதியை 1982-ல் தொடங்கப்பட்ட பிரியா என்ற டெல்லி நிறுவனம் மேற்கொண்டது. ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. 2000-களின் தொடக்கத்தில் வெளிவந்த அதன் முடிவுகள் இந்தியாவில் சுமார் 12 லட்சம் அமைப்புகள் இருப்பதாகக் கணித்தன. அவற்றில் ஏறத்தாழ பாதி எந்தச் சட்டத்தின் கீழும் பதிவு செய்யப்படாதவை. நான்கில் மூன்று பங்கு அமைப்புகளில் சம்பளம் பெறும் ஊழியர் ஒருவர் மட்டுமே இருந்தார்; அல்லது ஒருவரும் இல்லை.

அடுத்த பெரிய முயற்சி மத்தியப் புள்ளியியல் அமைப்புடையது. 2012-ல் வெளியான அதன் அறிக்கையில், பதிவேடுகளில் கண்ட அமைப்புகளின் எண்ணிக்கை 31 லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நேரில் தேடியபோது அடையாளம் காண முடிந்தவை சுமார் 7 லட்சம் மட்டுமே. இந்த இடைவெளியைச் சிலர் போலி நிறுவனங்களின் பெருக்கம் என்று வாசித்தனர். செயலிழந்த சங்கங்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் நடைமுறையின் பலவீனமே காரணம் என்று வேறு சிலர் வாசித்தனர். இரண்டில் எது எந்த அளவுக்கு உண்மை என்று எண்ணிக்கை சொல்லாது. ஒரு வட்டத்தின் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு சங்கமாகத் தேடிப் போய், அது எப்படித் தொடங்கியது, ஏன் நின்றது என்று கேட்கும் கள ஆய்வுதான் சொல்லும். அத்தகைய வேலைக்கு முனைவர் பட்ட ஆய்வே ஏற்ற வடிவம்.

சங்கரன்கோவில் போன்ற ஊரில் ஐந்து இயல்புகளின் வரையறையும் சோதனைக்கு உள்ளாகும். கோயில் அரசின் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கலாம். ஆனால் தென்மாவட்டக் கோயில்களில் திருவிழா நாள்களின் மண்டகப்படியை, அதாவது அந்தந்த நாளின் விழாப் பொறுப்பை, சமூகங்களும் குடும்பங்களும் வணிகர் குழுக்களும் ஏற்று, பணம் திரட்டி, கணக்கு வைத்து, தலைமுறைகளாக நடத்துகின்றன. இவை அரசா, தனியாரா? சமூகத்தின் பொதுநிதியில் நடக்கும் பள்ளியும் திருமண மண்டபமும் பொதுத் தொண்டா, தம் மக்களுக்கான நலச் சங்கமா? உலக வரையறை இவற்றை ஓரத்தில் நிறுத்துகிறது. அந்த வரையறையைத் திருத்தும் தகுதி இந்த ஊரின் அனுபவத்துக்கு உண்டு. திருத்தி எழுத ஆய்வாளர் வேண்டும்.

3. இதுவரை எழுதியவர்கள்

தமிழ்நாட்டின் பொதுநிதிகளைப் பற்றிய அடிப்படை நூல்கள் சிலவற்றைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வணிகத்தில் பிடித்தம் செய்து பொதுக் காரியத்துக்குச் சேர்க்கும் மகமை முறையையும் உறவின்முறை என்னும் ஊர்ச் சமூக அமைப்பையும் விரிவாக ஆவணப்படுத்தியது ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் வெளியிட்ட நாடார் சமூக வரலாறு. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலின் கொடை, மரியாதை, வழக்கு ஆகியவற்றை அர்ஜுன் அப்பாதுரை 1981-ல் எழுதினார். அறநிலையத் துறை நிர்வாகத்தைப் பற்றி ஃபிராங்க்ளின் பிரெஸ்லர் 1987-ல் எழுதினார். நகரத்தார் சமூகத்தின் வணிகத்தையும் அறக்கொடையையும் இணைத்து டேவிட் ரட்னர் 1994-ல் எழுதினார். இந்த நால்வரும் அமெரிக்கக் கல்வி உலகைச் சார்ந்து உழைத்தவர்கள். நீண்ட காலம் களத்தில் தங்கவும், மொழி கற்கவும், ஆவணக் காப்பகங்களில் உட்காரவும் அந்த உலகம் வழி செய்தது. அவர்களின் உழைப்பு மதிப்புக்குரியது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விகள் அங்குள்ள அறிவு விவாதங்களிலிருந்து எழுந்தவை. எழுதிய மொழியும் நம் ஊர் வாசகருக்கு எட்டாதது.

உள்ளூரிலிருந்து அத்தகைய ஆய்வு வர முடியாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக தொ. பரமசிவன் செய்த ஆய்வு 1989-ல் ‘அழகர் கோயில்’ என்ற நூலாக வந்தது. ஒரு கோயிலுக்கும் அதைச் சுற்றிய சமூகங்களுக்கும் உள்ள உறவைக் களத்திலிருந்து தமிழில் எழுதிக் காட்டிய நூல் அது. அவரே பின்னர் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைக்குத் தலைமை ஏற்றார். சங்கரன்கோவில் பகுதி மாணவர்கள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் பல்கலைக்கழகமும் அதுதான். முன்மாதிரி கண்முன்னே இருக்கிறது. அதைத் தொடரும் பொருள்வளம்தான் இல்லை.

துறையே இல்லாத இடத்தில் ஒரு துறையை நிதி உருவாக்க முடியும் என்பதற்கு அமெரிக்க வரலாறு சான்று. தனியார் ஈகையை ஆராய 1973-ல் அமைந்த ஃபைலர் ஆணையமும், அதன் பின் 1970-களிலேயே யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுத் திட்டமும் அங்கே அடித்தளம் இட்டன. 1991-ல் ஆஸ்பென் நிறுவனத்தில் அமைந்த ஆய்வு நிதி, பல அறக்கட்டளைகளின் பணத்தை ஒன்றாகத் திரட்டி முனைவர் பட்ட ஆய்வுகளுக்கும் நல்கை வழங்கியது. கொடையாளர் ஒருவர் தனித்து ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாற்றான பொதுநிதி முறை இது. கீழே வரும் பரிந்துரைக்கு இது தேவைப்படும்.

4. இன்றுள்ள பொதுப்பணம்

இன்று ஒரு மாணவருக்குத் திறந்திருக்கும் வழிகளை எடைபோடலாம்.

முதலாவது, நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு வழி வரும் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை. 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன் பின் 42,000 ரூபாய். வாழ்க்கையை நடத்தப் போதுமான உதவித்தொகை இது. ஆனால் அதன் பாடப் பட்டியலில் சமூகப்பணி, சமூகவியல், பொது நிர்வாகம், வணிகவியல் ஆகியவை உண்டு; இலாப நோக்கற்ற துறை தனிப்பாடமாக இல்லை. பொது வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. பத்தாண்டு களப்பணி செய்துவிட்டு, அந்த அனுபவத்தை ஆராய வேண்டும் என்று வருபவர் இந்த வரம்பிலேயே நின்றுவிடுகிறார். இந்தத் துறையை உள்ளிருந்து அறிந்தவர் அவர்தான் என்பதால் இந்த இழப்பு சிறியதல்ல.

இரண்டாவது, 1969-ல் அமைந்த இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு. அதன் முனைவர் பட்ட உதவித்தொகை மாதம் 20,000 ரூபாய். கள, எழுத்துச் செலவுகளுக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய். காலம் இரண்டு ஆண்டுகள். ஆண்டுக்கு 20,000 என்றால் மாதத்துக்கு 1,667 ரூபாய். பேருந்துக் கட்டணம், பதிவு அலுவலகத்தில் நகல் கட்டணம், பேட்டிகளை எழுத்தாக்கும் செலவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். 2022-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்த காலமே மூன்று ஆண்டுகள். எனவே உதவித்தொகை ஆய்வின் முழுக் காலத்தையும் தாங்காது.

மூன்றாவது, மாநில அரசின் உதவி. முழுநேர ஆய்வு மேற்கொள்ளும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்துவ ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. தொடர்ந்து காக்கப்பட வேண்டிய நல்ல திட்டம் இது. ஆனாலும் மாதக் கணக்கில் 8,333 ரூபாய்தான். முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகைக்காக ஆசிரியர் தேர்வு வாரியம் 2023-ல் தகுதித் தேர்வு நடத்தியது. மாதம் 25,000 ரூபாய் வீதம் 120 பேருக்கான திட்டம் இது. கலை, சமூக அறிவியல் பிரிவுக்குப் பாதி இடங்கள். மாநிலம் தன் சொந்தப் பணத்தில் சமூக அறிவியலுக்குச் சம பங்கு தந்தது முக்கியமான முன்னேற்றம். எண்ணிக்கை போதாது.

நான்காவது, எதுவும் இல்லாத நிலை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தேறாத முனைவர் பட்ட மாணவருக்கும் மாதம் 8,000 ரூபாய் உண்டு. 2015-ல் அதை நிறுத்த முயன்றபோது டெல்லியில் மாணவர்கள் பல்கலைக்கழக மானியக் குழு அலுவலகத்தை முற்றுகையிட்டுப் போராடினார்கள். மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கு அந்தத் தொகை கிடைப்பதில்லை. அதனால் பகுதிநேர ஆய்வே பலரின் வழி. பள்ளியிலோ சுயநிதிக் கல்லூரியிலோ வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறை நாள்களில் களத்துக்குப் போவார்கள். அந்தக் கால அளவுக்கு வினாத்தாள் கொடுத்து வாங்கும் ஆய்வு பொருந்தும். ஒரு சங்கத்தின் முப்பதாண்டுக் கணக்கு நோட்டுகளைப் படிக்கும் ஆய்வு பொருந்தாது. பணத்தின் அளவு தலைப்பை மட்டும் தீர்மானிப்பதில்லை, முறையையும் தீர்மானிக்கிறது.

2023-ல் இயற்றப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்ற இலக்கோடு வந்தது. அதில் மனிதவியலும் சமூக அறிவியலும் அறிவியல் தொழில்நுட்பத்தோடு தொட்டுக்கொள்ளும் எல்லையில் மட்டுமே இடம்பெறுகின்றன. அறக்கட்டளைகளின் வரலாறு அந்த எல்லைக்குள் வருவது கடினம்.

5. நிறுவனங்களின் பணமும் அதன் நிபந்தனைகளும்

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இந்தப் பணத்தில் கணிசமான பகுதி தொண்டு நிறுவனங்கள் வழியாகச் செல்கிறது. எனவே அந்த நிறுவனங்களை ஆராயவும் இதில் ஒரு பங்கு வரலாம் என்று எதிர்பார்ப்பது நியாயம்.

சட்டத்தின் ஏழாம் அட்டவணை வேறு திசையில் போகிறது. அரசு நிதி பெறும் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும் பகுதி, அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் ஆகியவற்றை மட்டும் பெயரிடுகிறது. சமூக அறிவியல் அங்கு இல்லை. கல்வி மேம்பாடு என்ற மற்றொரு தலைப்பின் கீழ் மாணவருக்கு உதவித்தொகை தரலாம் என்பது உண்மைதான். ஆனால் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட வழி இருக்கும்போது, பொருள்விளக்கத்தை நம்பிச் செலவிட எந்த நிறுவனத்தின் கணக்கு அதிகாரியும் தயங்குவார். இதற்கு நேர்மாறாக, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல் ஆராய்ச்சிக்குத் தரும் தொகைக்கு விலக்கு அளித்தது. வரிச் சட்டம் ஆய்வாக ஏற்றதை, நிறுவனச் சட்டம் பெயர் சொல்லி ஏற்கவில்லை.

ஆனால் இதே சமூகப் பொறுப்பு விதிகள் வேறொரு வகை ஆய்வுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்குகின்றன. சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவிடும் கடமையுள்ள நிறுவனங்கள், 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்குத் தனி அமைப்பைக் கொண்டு தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். அதற்கு அந்த ஆண்டுச் செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதுவரை கணக்கில் காட்டலாம். மாதம் 25,000 ரூபாய் பெறும் 16 ஆய்வாளர்களுக்கு ஓராண்டு கொடுத்தாலும் 48 லட்சம்தான் ஆகும். மதிப்பீடு தேவையானதே, பொதுநலப் பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் அது திட்டம் தந்த வாக்குறுதி நிறைவேறியதா என்று பார்க்கிறது. அந்தத் திட்டம் ஏன் அந்த ஊருக்கு வந்தது, எதை இடம்பெயர்த்தது, முடிந்த பின் என்ன மிஞ்சியது என்று கேட்க அதற்குக் கால அவகாசமும் இல்லை, சுதந்திரமும் இல்லை. பணம் கொடுத்தவரே அறிக்கையைப் பெறுபவராகவும் இருக்கிறார்.

தொண்டு நிறுவனங்களே ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் வாய்ப்பும் சுருங்கியிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சத்தை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பெற்ற நன்கொடையை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதையும் தடைசெய்தது. பெரிய நிறுவனம் ஒன்று சிறு ஊர் அமைப்புக்கோ ஆய்வு மையத்துக்கோ பகிர்ந்தளிக்கும் வழி இதனால் அடைபட்டது. 2022 ஜூலையில் உள்துறை அமைச்சகம் தொண்டுத் துறை பற்றிய தரவுகளில் சிலவற்றைத் தன் பொதுத் தளத்திலிருந்து விலக்கியதும் ஆய்வாளருக்கு இழப்பே.

6. எதிர்வாதங்கள்

மூன்று எதிர்வாதங்களைக் கருத வேண்டும்.

உதவித்தொகை பெறும் மாணவர் எந்தத் தலைப்பையும் தேர்ந்தெடுக்கலாமே, தனி நிதி எதற்கு என்பது முதல் வாதம். சட்டப்படி அது சரி. ஆனால் தலைப்பு நெறியாளரின் துறையிலிருந்தும், நூலகத்தில் இருப்பதிலிருந்தும், முந்தைய ஆய்வேடுகளிலிருந்தும் பிறக்கிறது. இத்துறைக்கு அந்த மூன்றுமே மெலிந்திருக்கின்றன. ஊக்கம் இல்லாமல் அவை தாமாக வளர்வதில்லை என்பதை அமெரிக்க வரலாறு காட்டுகிறது.

பசியும் வேலையின்மையும் இருக்கும்போது தொண்டு நிறுவனங்களை ஆராய்வது ஆடம்பரம் என்பது இரண்டாவது. இதே தென்காசி மாவட்டத்தின் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வுப் பணியை ஒரு சிற்றூரிலிருந்து வளர்த்தெடுத்தது. அத்தகைய அமைப்பு ஓர் ஊரில் வேர்விட்டு, வேறோர் ஊரில் வேர்விடாமல் போவது ஏன் என்று தெரிந்தால், அடுத்த ஊரின் மாற்றுத்திறனாளிக் குழந்தைக்குப் பயன் உண்டு. அந்த அறிவு ஆடம்பரம் ஆகாது.

மூன்றாவது வாதமே வலுவானது. தனியார் கொடையில் நடக்கும் ஆய்வு கொடையாளரின் விருப்பத்துக்கு ஆட்படும். கொடை நின்றால் ஆய்வும் நின்றுவிடும். 1936-ல் டாட்டா அறக்கொடையில் தொடங்கிய டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில், டாட்டா கல்வி அறக்கட்டளையின் நிதி உறுதியாகாத நிலையில் 2024 ஜூனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர், ஊழியர்களுக்குப் பணிநீக்க அறிவிப்பு போயிற்று. எதிர்ப்புக்குப் பின் சில நாள்களில் அது திரும்பப் பெறப்பட்டது. எண்பத்தெட்டு ஆண்டுப் பெருமை கொண்ட நிறுவனத்துக்கே இந்த நிலை. ஆகவே ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய கொடையை நம்பக் கூடாது. இந்த வாதம் தனியார் பணத்தை முற்றாக ஒதுக்கச் சொல்லவில்லை. அதை மீள எடுக்க முடியாத மூலதனமாகப் பெறச் சொல்கிறது.

7. செய்யக்கூடியது

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அறக்கட்டளைச் சொற்பொழிவு பழகிய வடிவம். ஒரு குடும்பமோ சங்கமோ மூலதனத்தை ஒப்படைக்கிறது. வட்டியில் ஆண்டுதோறும் ஓர் உரை நடக்கிறது. அதே வடிவத்தை ஆய்வு உதவித்தொகைக்கு விரிக்கலாம். மாதம் 25,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 3 லட்சம், களச் செலவுக்கு 50,000 என ஓர் ஆய்வாளருக்கு 3.5 லட்சம் ஆகும். 7 சதவீத வட்டி என்று கொண்டால் 1 கோடி ரூபாய் மூலதனம் இரண்டு ஆய்வாளர்களை நிரந்தரமாகத் தாங்கும். 10 கோடி இருபது பேரைத் தாங்கும். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்காக 2017-ல் தமிழ்நாடு அரசு கொடுத்த தொகை 10 கோடி ரூபாய். உலகத் தமிழர்களின் சிறு கொடைகளும் சேர்ந்து 60 லட்சம் டாலர் இலக்கு எட்டப்பட்டது. அறிவுக்காகப் பணம் திரட்டும் ஆற்றல் நமக்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த நிதிக்கு நான்கு நிபந்தனைகள் இன்றியமையாதவை. ஒன்று, பல கொடையாளர்களின் பணம் ஒரே பொதுநிதியில் கலக்க வேண்டும். எந்தக் கொடையாளரும் ஆய்வாளரையோ தலைப்பையோ தேர்ந்தெடுக்கக் கூடாது. இரண்டு, வயது வரம்பு இருக்கக் கூடாது. களப்பணியாளர்களுக்குத் தனி இடங்கள் வேண்டும். மூன்று, ஆய்வேடு எந்த மொழியில் இருந்தாலும் அதன் முடிவுகள் தமிழில் வெளிவந்து, ஆராயப்பட்ட ஊரில் வாசிக்கப்பட வேண்டும். நான்கு, சாதகமற்ற முடிவையும் வெளியிடும் உரிமை எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும்.

பணத்தோடு ஆவணங்களும் திறக்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ்ச் சங்கங்கள் தரும் கணக்குகள் மாவட்டப் பதிவாளரிடம் இருக்கின்றன. அவற்றை எண்மப்படுத்தி ஆய்வாளருக்குக் கட்டணமின்றித் தருவது அரசுக்குப் பெரிய செலவல்ல. அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தொண்டு நிறுவனங்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பை ஆய்வுக்குப் பயன்படுத்தும் பயிற்சியையும் பல்கலைக்கழகங்கள் தர வேண்டும்.

8. முடிவு

தொண்டுத் துறையை ஆராயும் நிதி இன்று இரு முனைகளில் நிற்கிறது. ஒரு முனையில் துறை அறியாத பொது உதவித்தொகை. மறு முனையில் கொடையாளரின் தேவைக்கான மதிப்பீடு. இடையில் இருக்க வேண்டிய சுதந்திரமான நீண்டகால ஆய்வுக்குப் பணம் இல்லை. அதன் விளைவாக, சிற்றூர்களின் சங்கங்களும் மண்டகப்படிகளும் பொதுநிதிகளும் ஒன்று புகழப்படுகின்றன, அல்லது சந்தேகிக்கப்படுகின்றன, புரிந்துகொள்ளப்படுவதில்லை.

ஏழாம் அட்டவணையில் சமூக அறிவியலைப் பெயர் சொல்லிச் சேர்ப்பது ஒன்றிய அரசின் கடமை. முதலமைச்சர் உதவித்தொகையின் இடங்களைப் பெருக்குவது மாநில அரசால் இயலும். மூலதனத்தைப் பெற்று அதைச் சுதந்திரமாகக் காப்பது பல்கலைக்கழகங்களின் பொறுப்பு. ஊர் ஊராகப் பள்ளியும் சத்திரமும் மண்டபமும் கட்டிய சங்கங்களுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் அடுத்த கொடையில் ஒரு பங்கை, உங்களையே கேள்வி கேட்கப்போகும் ஓர் ஆய்வாளருக்காக ஒதுக்குங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அறமே நிலைக்கும்.